வெயில் பாராத உள்ளங்கால்

மாமாவின் குதிகாலில் இருந்த அந்தக் கறுப்பை நான் முதலில் கண்டது பள்ளிவாசலில். அஸர் தொழுகையில் அவருக்கு நேர் பின்வரிசையில் நின்றிருந்தேன். இருப்பில் அமர்ந்தபோது அவருடைய வலது பாதம் என் கண்ணுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது. குதிகாலோரமாகப் பேனை மை கொட்டியது போல ஒரு படை. ஒரு பக்கம் கன்னங்கரேல், மறுபக்கம் வெளிறிய மண்ணிறம், ஓரம் கோணல் மாணல். அன்றைக்கு என்ன ஓதினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கல்முனையில் பாமசியில் வேலை செய்கிறவன் நான். மருந்துப் போத்தலின் திகதியை இரண்டு தரம் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். எதையும் நம்பாத பிறவி என்று உம்மா ஏசுவாள்.

மாமா உம்மாவின் தம்பி. அறுகம்பேயில் ஒரு விடுதியில் சமையற்காரர். சுனாமி அன்று விடுதி போய்விட்டது; அவர் பனையைப் பிடித்துத் தப்பினார். பிறகு செத்தவர்களின் மையித்துத் தேடி வெறுங்காலோடு நாட்கணக்கில் நடந்ததில் தகரம் வெட்டியது. அந்தக் காயம் இருந்த காலில்தான் இந்தக் கறுப்பும். அதனால் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சுனாமித் தழும்பைச் சந்தேகப்படவும் ஒருத்தனா என்பது போல என்னைப் பார்த்தார்கள்.

“தழும்பு வளருமா மாமா?” என்று கேட்டேன்.

அவரிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. முன்பு விடுதிக்கு வந்துபோன வெள்ளைக்காரன் ஒருவனுக்குத் தோளில் மச்சம் ஒன்று புற்றுநோயாகி வெட்டி எடுத்திருந்ததாம். அவனுடைய தகப்பனும் அதே வருத்தத்தில்தான் செத்தாராம். “வெள்ளத் தோலு, சுட்டெரிக்கிற வெயில், வாப்பாட ரத்தம். மூண்டும் சேந்தாத்தான் அந்த வருத்தம் வரும். என்ட வாப்பா எண்பது வயசில நல்லா இருந்துதான் மவுத்தானாரு. என்ட உள்ளங்காலை எந்த வெயில் பாத்த? அஞ்சு நேரமும் ஒழு செஞ்சி கழுவுற கால்டா இது. கழுவுற காலில என்ன வருத்தம் நிக்கும்?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

போகப் போக நடை மாறியது. செருப்பில் ஈரம் கண்டேன். கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். நாட்டில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். “கட்டுப் போட்ட காலோட செக் பொயிண்டில இறங்கினா, எங்க சண்டை பிடிச்சி வாறாய் எண்டு கேப்பான். சண்டை முடியட்டும்” என்றார். அதுவும் பொய்யல்ல. ஆனால் உண்மையான தடை அதுவுமல்ல. மகளுக்கு, என் மச்சிக்கு, ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசி முடித்து, சீதன வீட்டுக்குக் கூரையும் ஏற்றிவிட்டார். ‘பரம்பரை வருத்தம்’ என்ற சொல் மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் எல்லாம் போச்சு. அதைவிட மோசம், என்னை அவர் பார்த்த பார்வை. மச்சி எனக்கு முறைப்பெண். கலியாணத்தைக் குழப்பத்தான் இவன் என் காலைப் பிடித்துத் தொங்குகிறான் என்று மாமா நினைத்தார். ஒருநாள் மாமி வாய் தவறிச் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து பள்ளியில் என் முன்வரிசையில் நிற்பதையும் விட்டுவிட்டார்.

சண்டை முடிந்தது. கலியாணமும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் என்னோடு கொழும்புக்குப் பஸ் ஏறினார். அப்போது தொடையிடுக்கில் கட்டி வந்திருந்தது.

மெலனோமா, தோலில் வரும் புற்றுநோய் என்றார் டொக்டர். வெள்ளைக்காரன் சொன்னதும் சரிதானாம். வெளிறிய தோலில் வெயில் விழுந்து விழுந்து செல் எனும் கலங்கள் கெடும். சில குடும்பங்களில் அதற்கு இடம் கொடுக்கிற பரம்பரை அலகும், ஜீன் என்பார்களே அது, வழிவழியாக வரும். ஆனால் அது ஒரு வகை. எங்களைப் போன்ற கறுத்த தோலில் அது குறைவு. எங்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. அங்கே வெயிலுக்கு வேலையில்லை. பிறப்பில் வராமல், அவரவர் வாழ்நாளிலேயே கலத்துக்குள் ஏதோ ஓர் அலகு தடம் மாறுகிறது. தகரக் காயம் காரணமாக இருக்குமா என்று கேட்டேன். சிலர் அப்படிச் சொல்வதுண்டு, உறுதியில்லை என்றார். மாமாவுக்கு இனி அதிக காலமில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

வார்டுக்கு வந்தேன். மாமா கேட்டது ஒன்றைத்தான். “மகளுக்கு வருமா?”

“இந்த வகை அப்பிடி வழிவழியா வாறது மிச்சம் குறைவாம் மாமா.”

“அல்ஹம்துலில்லாஹ்.” பிறகு என்னையே பார்த்தார். “இப்ப உண்மையச் சொல்லு மருமகன். அவள் மேல ஆசையிலதானே நீ என்னை இவ்வளவு நாளும் வா வா எண்டு இழுத்த?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

“ஓம் மாமா. அவளும்தான் என்ட மனசில இருந்தாள். ஆனா உங்கட காலும் உண்மை.”

“எனக்குத் தெரியும்டா! எனக்கு அப்பவே தெரியும்!” என்று மாமா சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். தன் சந்தேகம் சரியாகிவிட்டதில் அவருக்கு அப்படியொரு சந்தோசம். அதைக் கெடுக்க மனமில்லாமல், டொக்டர் கடைசியாகச் சொன்னதை விழுங்கிக்கொண்டு நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.