பல்லில் கடித்த பறி

போன மாதம் பேரன் ஒரு புத்தகம் வாங்கிவந்தான். "தாத்தா, நீங்க வேலை பார்த்த பத்திரிகையோட பழைய காமிக்ஸ்!" வழுவழுப்பான தாள். அட்டையில் ஒரு நார்வே ஓவியரின் பெயர்.

முன்னுரை எழுதியவர் ஒரு படத்தில் சொக்கிப்போயிருந்தார். பனிநாட்டுச் சிறுவன் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் துழாவுகிறான், பல்லிடுக்கில் ஓலைக்கூடை. நார்வே மீனவரின் தொன்மையான வழக்கமாம். புத்தகத்தைச் சுவரில் வீசினேன். பேரன் பயந்துவிட்டான்.

அந்தக் கூடைக்குப் பறி என்று பெயர், ஐயா. பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் தடவுகிறவர்கள் கடித்துக்கொள்வது. என் பள்ளித் தோழன் மாரியின் அம்மா அப்படி இறால் பிடித்துத்தான் அவனைப் படிக்கவைத்தாள். பள்ளிக்கு வரும்போது அவன் நோட்டில்கூட ஏரிச்சேற்று வாடை அடிக்கும்.

எங்கள் பத்திரிகைக்குத் தொடர் வரைந்த நார்வேக்காரர் இறந்து பக்கங்கள் வருவது நின்றதும், ஏரியோரப் பசியாவரத்திலிருந்து மாரியைச் சென்னைக்கு அழைத்துவந்தவன் நான். ஒரே வாரத்தில் அவர் கோடு இழுக்கும் பாணியைப் பிடித்துவிட்டான். பதினொரு வருடம் அவர் பெயரிலேயே அவன் வரைந்தான், நான் வசனம் எழுதினேன். இருவரும் பனியைக் கண்டதில்லை. "உப்பளம் மாதிரி போடுடா" என்பேன், பெரிய மேதை மாதிரி.

வாசகர் கடிதமெல்லாம் நார்வேக்காரர் பெயருக்கே வரும். "இன்னாடா இது, செத்தவனுக்குத் தெனம் கடுதாசி. உயிரோட கீறவனுக்கு ஒரு கார்டு இல்ல" என்று சிரிப்பான் மாரி.

ஒரே ஒருமுறை கேட்டான். "மூலையில எறும்பு சைசுல எம்பேரப் போடுடா. எங்கம்மாவுக்கு அது ஒண்ணுதான் படிக்கத் தெரியும்."

முதலாளி மறுத்துவிட்டார் என்றேன். பொய். நான் கேட்கவே இல்லை. போகிற இடமெல்லாம் என்னை 'நார்வே தொடரைக் கொண்டுவருபவர்' என்று அறிமுகப்படுத்துவார்கள். அந்த அற்பப் பெருமையை விட மனமில்லை.

அடுத்த வாரம் பறியை வரைந்துவந்தான். "நார்வேல இது ஏதுடா?" என்றேன்.

"பேருதான் இல்ல. கூடையாவது கெடக்கட்டுமே."

இப்போது பதிப்பகத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரிஜினல் பக்கம் இருக்குதா சார்?" என்றார்கள். பத்திரிகை மூடியபோது அவற்றைப் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டவனும் நானேதான்.

ஒவ்வொரு இதழையும் மாரியின் அம்மா வாங்கி, பக்கம் பக்கமாக மகன் பெயரைத் தேடுவாளாம். அவன் சாவுக்குப் போனபோது அவளே சொன்னாள். இப்போது அவளும் இல்லை. நார்வேக்காரர் பெயர் மட்டும் வழுவழுவென்று இருக்கிறது.