டாய்ல் பூசிய குழாய்

"குடிச்சிருந்தானா? யாரு சொன்னா? நீ பார்த்தியா மேவிஸ்? கிட்ட போய் அவன் வாயை மோந்து பார்த்தியா?"

எதிர்வீட்டு மேவிஸ் தன் கண்ணாடிப் பாத்திரத்தை வாங்கிப் போக வந்தவள். சாவு வீட்டுக்கு அவள் மக்ரோனி சுட்டுக் கொண்டுவந்த பாத்திரம் அது. கழுவித் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவள் கிளம்புவதாக இல்லை.

"நான் சொல்லலைடி நெட்டி, ஊரு சொல்லுது. வண்டியைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கும்போது பக்கத்துல எப்பவும் ஒரு டின் இருந்துச்சாமே."

"இருந்துச்சு. துரு விடுறதுக்கு அடிக்கிற எண்ணெய். அதைக் குடிச்சிருந்தா என் மகளுக்கு முன்னாடி அவன் போயிருப்பான்."

"சரி விடு. அந்தப் பொம்பளை யாரு? போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஷெட்டுல நின்னு பேசிக்கிட்டே இருப்பானே. கீச்சுக் குரல்ல ஒருத்தி. என் காதால கேட்டேன்."

"அது பொம்பளை இல்ல. பழைய கார்ச் சாமான் விக்கிற கிழவன். தொண்டையில ஆபரேஷன் பண்ணினதுல குரல் அப்படி ஆயிடுச்சு. பெண்டாட்டி செத்து தனியாத்தான் இருக்கான். வேணும்னா நம்பர் வாங்கித் தர்றேன், நீ பேசிப் பாரு."

பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் தேவாலயத்தில் இன்னொரு கதை தயாராக இருந்தது.

செத்துப்போன ரோவீனா நான் பெற்ற பெண். டாய்ல் என் மருமகன். அவன்தான் கொன்றான் என்று சொல்வதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்காவது உரிமை உண்டு என்றால் அது எனக்குத்தான் உண்டு. நானே சொல்லவில்லை. மற்றவர்கள் எதற்கு வாயைத் திறக்கிறார்கள்?

டாய்ல் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவன். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருமி இருமிச் செத்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் இவன் இந்தப் பக்கம் பாலம் கடந்து வந்து கவுன்ட்டி சாலை வேலையில் சேர்ந்தான். கோடையில் குழி அடைப்பான். குளிர்காலத்தில் பனி விழுந்தால் உப்பு லாரி ஓட்டிக்கொண்டு, பனி உருகுவதற்காகச் சாலை முழுக்க உப்பைத் தூவிக்கொண்டே போவான். ரோவீனாவைக் கட்டிக்கொண்ட பிறகு என் வீட்டுக்கே குடிவந்தான். மாமியார் வீட்டில் ஒரே குளியலறையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் இருந்த ஆம்பளை எத்தனை பேர்? பீன்ஸும் சோள ரொட்டியும் தினம் போட்டாலும் "இன்னும் கொஞ்சம் இருக்கா அத்தை?" என்றுதான் கேட்பான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன்.

பிள்ளைக்குப் பதில் அந்த வண்டி வந்தது என்று சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அறுபத்தாறாம் வருஷத்து வண்டி. இரண்டே கதவு, நீளமான மூக்கு, அதற்குள் எட்டு சிலிண்டர் வைத்த பெரிய இன்ஜின். மசில் கார் என்பார்கள். ஒரு பண்ணைக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. டாய்லும் ரோவீனாவும் அதைக் கட்டி இழுத்து வந்த அன்றைக்கு இரண்டு பேர் தலையிலும் வைக்கோல். கல்யாணத்தன்றுகூட நான் அவர்களை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்த ஷெட்தான் அவர்களுக்கு வீடு. தகரத்தைத் தட்டுவதும், அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதும், சாயம் அடிப்பதும் டாய்ல். இருக்கை தைத்ததும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே குறை சொன்னதும் ரோவீனா. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வாள்.

சண்டையும் அங்கேதான். டாய்லுக்கு எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும். ரோவீனாவுக்கு வண்டி ஓட வேண்டும், நிற்க வேண்டும்.

"இது பைபிள் இல்லடா, காரு," என்பாள். "புதுசா ஒரு வசனம் சேர்த்தா நரகத்துக்குப் போயிடமாட்டே."

"நடுவருங்க அனுப்பிடுவாங்க ரோ."

நடுவர் என்றால் கோர்ட் நடுவர் இல்லை. ஆகஸ்ட் மாதம் கவுன்ட்டித் திருவிழாவில் பழைய கார்களை வரிசையாக நிறுத்துவார்கள். கையில் டார்ச்சும் குச்சியில் கட்டிய கண்ணாடியும் வைத்துக்கொண்டு நாலைந்து கிழவர்கள் வருவார்கள். புல்லில் மல்லாக்கப் படுத்து அடிவயிறு வரை பார்ப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் ஒரு திருகின் தலையில் நீலச் சாயம் தொட்டு வைத்திருந்தால், இன்றைக்கும் அந்த நீலம் இருக்க வேண்டும். புதுச் சாமான் கண்ணில் பட்டால் மதிப்பெண் போய்விடும்.

அதனால் இந்த ஆம்பளைகள் எல்லாரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் மாற்று, தெரிகிற இடத்தில் கை வைக்காதே. இன்ஜினுக்கு உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? டாய்ல் உள்ளே புதுச் சாமான் போட்டு அதன் பலத்தைக் கூட்டிவிட்டான். வெளியே தொழிற்சாலை நாளின் அதே மூடி, அதே சாயம். பிரேக் வெளியே தெரிகிற சாமான். அது பழசாகவே இருந்தது.

அந்தப் பழைய பிரேக்கை ரோவீனா எனக்குச் சமையலறையில் வைத்து விளக்கியிருக்கிறாள். "எண்ணெய்க்கு ஒரே ஒரு குடுவைம்மா. அதுலேருந்துதான் நாலு சக்கரத்துக்கும் போகுது. எங்கேயாவது ஒரு இடத்துல ஒழுகினா நாலும் போச்சு. இப்போ வர்றதுல ரெண்டா பிரிச்சிருக்கான். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும்." அவன் பிறந்தநாளுக்கு அந்தப் புது பிரேக் சாமானை முழுசாக வாங்கிக் கொடுத்தாள். பெட்டிமேல் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, எனக்கு எழுத்து வராது. மேலே ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தாள்.

அவன் அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். பெட்டியை அலமாரியில் வைத்தான்.

"ஷோ முடியட்டும் ரோ. மறுநாளே மாட்டிடறேன்."

"மறுநாளே?"

"உங்கம்மா தலை மேல சத்தியம்."

"என் தலையை ஏன்டா இழுக்கறே?" என்று நான் அடுப்படியிலிருந்து கத்தினேன்.

ஷோவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரோவீனாவின் சின்னக் கார் கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது. டாய்ல் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"பெரியவளை எடுத்துட்டுப் போயேன்," என்று ஷெட்டிலிருந்த வண்டியைக் காட்டினான். "ஷோவுக்கு முன்னாடி ஒரு ஓட்டம் ஓடினா அவளுக்கும் நல்லது."

"நிஜமாவா? சேறு பட்டா அழுவியே."

"மழை பெஞ்சு எத்தனை நாளாச்சு? போ."

வற்புறுத்தி அனுப்பினானாம், மேவிஸ் சொல்கிறாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தவள். அவள் சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் மேடு ஆற்றை நோக்கி இறங்குகிறது. அடியில் நெடுஞ்சாலை குறுக்கே போகும். சரளைக்கல் லாரிகள் நிற்காமல் ஓடும் சாலை. பாதி இறக்கத்தில் பெடல் தரை வரை போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். கைப்பிரேக்கை இழுத்திருக்கிறாள். அந்த இன்ஜினின் வேகத்துக்கு அது போதவில்லை. லாரியில் மோதிய சத்தம் எங்கள் வாசல் வரை கேட்டது. டாய்ல் காபிக் கோப்பையோடு ஓடினான். பாதி வழியில்தான் அதைக் கீழே போட்டானாம்.

ஷெரீப் அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞன் வந்தான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினான். பழைய வண்டி, விபத்து, வழக்கு ஒன்றும் இல்லை என்றான்.

"யார் மேலயும் இல்லையா?" என்று டாய்ல் கேட்டான்.

"இல்ல சார்."

"நல்லா பார்த்தீங்களா?"

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் டாய்லின் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன்.

பழைய இரும்புக்காரன் எடுத்துப் போக வேண்டிய வண்டியை டாய்ல் வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னான். அப்போதுதான் ஊர் வாய் முழுசாகத் திறந்துகொண்டது. பெண்டாட்டியை விழுங்கிய வண்டியைத் திரும்பவும் தட்டிக் கட்டுகிறானே, இவன் மனுஷனா என்றார்கள். நானும் ஷெட் பக்கம் போகவில்லை. ஒரு நாள் அவனே என்னைக் கூப்பிட்டான்.

கையில் ஒரு மெல்லிய குழாய், முன்னாலிருந்து பின்சக்கரம் வரை எண்ணெய் கொண்டுபோகும் குழாய். பளபளவென்று இருந்தது. மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ், நடுவில் தொழிற்சாலை அடையாளமாக இரண்டு நீலக் கோடு. டாய்ல் மெல்லிய தூரிகையால் தானே போட்ட கோடு அது.

"வண்டியோட அடிச்சட்டத்துல இதைப் பிடிச்சு வைக்கிற கவ்வி இருக்கு பாருங்க, அதுக்கு அடியில. பழைய ரோட்டு உப்பு அங்கேதான் தங்கும். வெளியே தேய்ச்சேன், பாலிஷ் போட்டேன், பழைய குழாய்க்கு மதிப்பெண் ஜாஸ்தின்னு பூசி வச்சேன். துருவுக்கு மேலயே பூசியிருக்கேன் அத்தை."

விரல் நகத்தால் தட்டிக் காட்டினான். வார்னிஷ் தோலுக்குக் கீழே துரு அரித்த ஒரு சின்ன விரிசல்.

"குளிர்காலம் பூரா உப்புத் தூவுறவன் நான். உப்பு இரும்பை அரிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சே யாரும் செய்யறதில்ல. வா, சாப்பிடு."

"தெரிஞ்சுதான் அத்தை. தெரிஞ்சும் அதைப் பத்தி நினைக்கல."

"வா, ஆறிடும்."

அந்தப் பனிக்காலம் முழுவதும் வேலை நேரம் போக அவன் ஷெட்டிலேயே கிடந்தான். வேறொரு வண்டியின் முன்பாதியை வாங்கி வெட்டி ஒட்டினான். எல்லாக் குழாயையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு இழுத்தான். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், இரண்டு குடுவை, எதையும் ஒளித்து வைக்கவில்லை. சாயம் மட்டும் அடிக்கவில்லை. அடிப்பூச்சின் சாம்பல் நிறத்திலேயே விட்டான்.

மேவிஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "விக்கப் போறானா?" என்று கேட்டாள்.

"உன் வீட்டு முன்னாடி நிறுத்தப் போறான்," என்றேன்.

பனி உருகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்து வந்து நான் கோட்டைக் கழற்றுவதற்குள் அவன் வந்து நின்றான்.

"ஏறுங்க அத்தை."

"அதுலயா? நான் மாட்டேன்."

"உங்களைத் தவிர வேற யாரை நான் கூப்பிடுவேன்?"

ஏறினேன். அதே தெரு, அதே இறக்கம். அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. நெடுஞ்சாலை நேரே வந்துகொண்டிருந்தது, ஒரு லாரியும் வந்துகொண்டிருந்தது. நான் கர்த்தரை அழைத்தேன். கடைசியில் பிரேக்கை மிதித்தான். வண்டி மூக்கைக் குனிந்து அப்படியே நின்றது. மடியிலிருந்த பை கீழே விழுந்தது. லாரி எங்கள் முன்னால் போயிற்று.

இன்ஜினை அணைத்தான்.

"நின்னுடுச்சு," என்றான்.

"நின்னுடுச்சுடா. நல்லா செஞ்சிருக்கே. வீட்டுக்குப் போகலாம்."

"ரோ வாங்கி வச்ச சாமான்தான். நாடாகூட அவிழ்க்காம வச்சிருந்தேன். இதை மாட்ட ஒரு சனிக்கிழமை போதும் அத்தை. ஒரே ஒரு சனிக்கிழமை."

நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"நீங்க சொல்லுங்க," என்றான். "நீதான் பண்ணினேன்னு ஒரு தரம் சொல்லுங்க."

"விபத்துன்னு ஷெரீப் ஆளே சொல்லிட்டான்."

"அவன் சொன்னதைக் கேக்கல. குடிச்சேன்னு சொல்றாங்க, பொம்பளைன்னு சொல்றாங்க. எல்லாம் பொய். நீங்க அந்தப் பொய்யோட சண்டை போடறீங்க. நான் செஞ்சதை மட்டும் ஒருத்தர்கூடச் சொல்லமாட்டேங்கிறீங்க. நீங்க சொன்னா நான் இங்கேயே இருந்துடுவேன். உங்க கூடவே, சாகிற வரைக்கும். சொல்லலைன்னா என்னால அந்த மேஜையில உக்காந்து சாப்பிட முடியல அத்தை."

"ஒரு பிள்ளையைப் புதைச்சாச்சு. மிச்சமிருக்கிற ஒண்ணு மேல நானே கல்லெறியணுமா? மாட்டேன். கொன்னு போட்டாலும் சொல்லமாட்டேன்."

"அத்தை."

"மாட்டேன்னா மாட்டேன்."

அவன் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்தான். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வண்டியைத் திருப்பி மேட்டில் ஏற்றினான்.

மறுநாள் காலை அவன் தன் வேலைச் சட்டையைப் போடவில்லை. மேற்கே கான்சஸில் ஒரு பெரியப்பா மகன் இருக்கிறான், கோதுமை அறுப்புக்கு ஆள் கேட்டிருந்தான் என்றான். கான்வாஸ் பை ஒன்று மட்டும். வண்டியை எடுக்கவில்லை. கீழே பஸ் நிற்கும் இடம் வரை நடந்தே போய்க்கொள்வதாகச் சொன்னான்.

"அறுப்புக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்கு," என்றேன்.

"ஆமா."

"முட்டை பொரிச்சிருக்கேன்."

"வேண்டாம் அத்தை."

மேவிஸ் எதிர்வீட்டு ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான், எப்போதும் தொடுவது போல. பிறகு என் பக்கம் திரும்பி நின்றான். நான் சொல்வேனா என்று பார்த்தான். அது எனக்குத் தெரிந்தது. "காதை மூடிக்கோ, வெளியே காத்து ஜாஸ்தி," என்றேன்.

தலையாட்டினான். எங்கள் வலைக்கதவு விட்டால் படீரென்று அடித்துக்கொள்ளும். அவன் வெளியே போய், சத்தம் வராமல் அதைக் கையால் பிடித்துச் சாத்திவிட்டு, படியிறங்கினான்.