பஸ்ரியாம்பிள்ளையின் காய்ந்த கண்கள்

கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த துணியைக் கண்களில் போட்டுக்கொண்டு பஸ்ரியாம்பிள்ளை செபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐந்து நிமிடம் வைக்கவேண்டும் என்றது ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி. எழுவைதீவில் அவர் வீட்டில் மணிக்கூடு ஏது? பத்து அருள்நிறைந்த மரியே முடிந்தால் துணியை எடுக்கலாம் என்பது அவர் கணக்கு.

எடுத்தாலும் கண்கள் சிவந்தே இருக்கின்றன. மண்ணை அள்ளிப் போட்டதுபோல் ஒரே அறுப்பு. இமையோரத்து அரிப்புக்கு விரல் தானாகப் போகிறது.

"என்ன பஸ்ரியாண்ணை, விடியவே கள்ளோ?" வலை தைக்கும் கிறிஸ்தோப்பர் வேலிக்கு மேலால் சீண்டுவார்.

"கள்ளெண்டா மத்தியானத்துக்கை இறங்கியிருக்குமடா. இது இறங்காது."

முதலில் கடல் தண்ணீரால்தான் கண்ணைக் கழுவினார். கடலில் பிழைக்கிறவனுக்கு அதைவிட வேறு மருந்து உண்டோ என்ற நினைப்பு. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் தாதி மிஸ்ஸி ஏசிவிட்டார். "உமக்கு விசரே? கண் ஈரமில்லாமக் காய்ஞ்சு கிடக்கு, அதுக்குள்ளை உப்புத் தண்ணியே? தூசியும் ஒத்துக்கொள்ளேல்லை. காத்துக்கு முகத்தைக் காட்டாதையும்!"

கடல் தண்ணீரை விட்டுவிட்டார். சொட்டு மருந்தும் தவறாமல் விடுகிறார். காற்றை விட்டு விலகத்தான் அவரால் முடியவில்லை.

மாசியில் மகன் லியோன் மீன்பிடிக்கப் போனான். அன்று கடலில் வெடிச் சத்தம் கேட்டது. வள்ளத்தின் பலகைகள் அனலைதீவில் ஒதுங்கின. லியோன் ஒதுங்கவில்லை. இப்போது சோளகக் காற்றுப் பிறந்து மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. அந்தக் காற்றுக்கு நேரே, இமைக்கவும் அஞ்சி, பின்னேரம் முழுவதும் பெற்ற மனம் கரையில் நிற்கிறது.

நேற்று மனைவி ஞானசவுந்தரி அங்கேயே வந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, தீவுக்கு வந்த சுவாமியார் நாளைக்குத் திரும்பிப் போயிடுவார். பிள்ளையின்ரை பேரை இளைப்பாற்றிப் பூசைக்குக் குடுப்பம்."

"அது செத்தவைக்கெல்லே? பேரைக் குடுத்திட்டா, அவன் பிறகு எப்பிடி வாறது?"

"நான் அழுதா, 'ஏன் அழுறீர், அவன் வருவான்' எண்டு ஏசுறியள். நீங்கள் கடலைப் பாத்துக்கொண்டு நிக்குமட்டும் என்னாலை அழ ஏலாது. நான் பெத்த பிள்ளைக்கு நான் எப்ப அழுறது?"

காற்று இரைந்தது. பஸ்ரியாம்பிள்ளை கடலைப் பார்த்தார். பிறகு அதற்கு முதுகு காட்டித் திரும்பினார்.

"பேரைக் குடும்," என்றார். அது அவருடைய குரல்போலவே இல்லை.

ஞானசவுந்தரி அப்படியே மணலில் இருந்துவிட்டாள். இத்தனை மாதமும் நெஞ்சில் கட்டிவைத்திருந்தது உடைந்து, கன்னங்களில் வழிந்தோடியது. அவர் பக்கத்தில் குந்தினார். முகம் கோணியது; தோள்கள் குலுங்கின; கண்ணில் மட்டும் ஒரு பொட்டு ஈரம் வரவில்லை. பெருவிரலால் அவள் கன்னத்துக் கண்ணீரைத் தொட்டெடுத்து, தன் இரு கண்களிலும் பூசிக்கொண்டார்.