பதினேழாம் எண்ணின் முதல் எழுத்து

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூணக்கா என்று பெயர். எதையும் மூன்று மூன்றாகத்தான் எண்ணுவாள். தொலைபேசி எண்ணைக்கூட அப்படித்தான் சொல்வாள். கடைசியில் ஒற்றை இலக்கம் மிஞ்சினால், ஏதோ அது தப்புச் செய்துவிட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பாள். படியேறும்போதும் உதடு அசையும்.

"அக்கா, வீட்டுல சண்டை போட்டாலும் மூணு வார்த்தைதானா?" என்று சீண்டுவேன்.

"அந்த ஆளுக்கு மூணே அதிகம்டி" என்பாள்.

நான் தரைத்தளத்தில் இரத்தம் எடுப்பவள். குழாயில் எண் ஒட்டி மேலே அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடும். அவள் மூன்றாம் மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தாள். எதை எண்ணுகிறாள் என்று கேட்டபோது எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். மரபணு என்பது நான்கே எழுத்துகளால் எழுதிய நீளமான வாக்கியம். அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். அந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கோடான் என்று பெயர். ஒரே பொருளுக்குப் பல கோடான்கள் உண்டு.

"தூக்கம்னும் சொல்லலாம், உறக்கம்னும் சொல்லலாம். பொருள் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொருத்தருக்கும் வாயில சட்டுனு வர்ற சொல்லு ஒண்ணு இருக்குல்ல? மரபணுவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு."

மறதிநோயோடு தொடர்புள்ள மரபணுக்களில் எந்தச் சொல் அடிக்கடி வருகிறது, எது அரிதாக வருகிறது என்று கணக்கெடுப்பதுதான் அவள் பிழைப்பு. அவளுடைய அம்மா கடைசி மூன்று வருடம் பெற்ற மகளையே 'டீச்சர்' என்று கூப்பிட்டார். "டீச்சர், என் பொண்ணு வந்தா உள்ள அனுப்புங்க" என்று அவளிடமே சொல்வாராம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்கும் வந்துடுமோன்னு ஒரு பயம் உள்ளயே கெடக்கு" என்றாள்.

நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாதவர்களின் இரத்தம் வேண்டும். வெளியாட்கள் யாரும் வரவில்லை. "நாமளே குடுத்துடுவோம்" என்றார் இயக்குநர். அவரை எல்லோரும் சார் என்போம். ஊழியர்கள் இருபது பேர் கையை நீட்டினோம். எண்ணுகிறவருக்கு யார் எந்த எண் என்று தெரியக்கூடாது என்பது விதி. அதனால் கோப்புகளின் தலைப்பில் இருந்த பெயர்களைச் சாரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். குழாய்களில் பெயருக்குப் பக்கத்தில் எண் ஒட்டியது நான். மூணக்காவுக்கு நான் ஒட்டிய எண் பதினேழு.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் அவளே ஆரம்பித்தாள்.

"பதினேழு ஒத்து வரலடி. நாம ரொம்பச் சந்தேகப்படுற மரபணுவுல நோயாளிங்களையும் தாண்டிப் போய் நிக்குது. ஏதோ நோயாளி குழாய் கலந்திருக்கும். திறந்து பார்க்கிறேன்னு சொன்னேன். சார் வேணாம்னுட்டார். அந்த ஒண்ணைத் தூக்கிடு, கட்டுரை அனுப்பணும்னு சொல்லி, கோப்பையே எடுத்துக்கிட்டார்."

பதினேழு அவளேதான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "சாருக்குத் தெரியாததா?" என்று மட்டும் சொல்லி மீதியை மென்று விழுங்கினேன். விதி இருக்கிறது, வேலை போய்விடும் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அவளுடைய புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மாதம் ஒருமுறை எங்கள் கட்டிடத்துக்கு வருவார். மாடி ஏறி இறங்கும் அந்தப் பெட்டிக்குள் வைத்து, அவளுக்கும் அம்மாவின் நோய் வரும்போலிருக்கிறது என்று சார் அவர் காதில் போட்டுவிட்டார். "பக்குவமா பாத்துக்கங்க, அவங்ககிட்ட சொல்லிடாதீங்க." பெரிய மனுஷத்தனமாம்! அவளுடைய இரத்தம், அவளுடைய மூளை, அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அதன்பிறகு நான்கு மாதம் அந்தப் புருஷன் அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் அடுப்பை அணைத்த பிறகு போய் மறுபடி தொட்டுப் பார்த்தார். பேச்சோடு பேச்சாக "இன்னிக்கு என்ன கிழமை?" என்பார். பேருந்தில் தனியாக விடமாட்டார்.

"என்னமோ சின்னப் பிள்ளையை நடத்துற மாதிரி நடத்துறார்டி" என்று முதல் மாதம் சிரித்தாள். இரண்டாம் மாதம் சிரிக்கவில்லை. மூன்றாம் மாதம் கைப்பையில் ஒரு குறிப்புப் புத்தகம் வந்தது. செய்ததையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டாள். ஒருநாள் படிக்கட்டின் நடுவில் எண்ணிக்கை விட்டுப்போய் அப்படியே நின்றுவிட்டாள். பதற்றத்தில் யாருக்கும் விட்டுப்போகும். அவள் கண்ணில் மட்டும் அம்மா வந்து நின்றிருக்க வேண்டும்.

நானும் சும்மா இல்லை. மேசையில் உட்கார்ந்ததும், "அக்கா, நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டோம்?" என்று கேட்பேன். அவள் சரியாகச் சொன்னால் எனக்கு உயிர் வரும். அதை அக்கறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

துவைத்த சட்டையை அவள் மறுபடி ஊறப்போட்டதில் வீட்டில் சண்டை வந்திருக்கிறது. வார்த்தை முற்றியதில் அவர் கொட்டிவிட்டார்: "உன் இரத்தத்துலயே இருக்குன்னு சார் சொல்லிட்டாரு!"

பதினேழு தான்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் சாருடைய அறைக்கு நேராகப் போனாள். கதவை மூடவில்லை. கையில் குழாய்த் தட்டோடு நான் வெளியே நின்றிருந்தேன்.

"பதினேழோட கோப்பைக் குடுங்க."

"அம்மா, உங்க மனசு உடைஞ்சிடும்னுதான்..."

"கோப்பு, சார்."

அவருடைய கணினியிலேயே கோப்பைத் திறந்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இங்க பாருங்க" என்றாள். மரபணு வாக்கியங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே மூன்றெழுத்துச் சொல்லில்தான் தொடங்கும். இதில் அந்தச் சொல் இரண்டு எழுத்தோடு நின்றது. பெயரை அழிக்கும்போது சாருடைய கை அடுத்திருந்த முதல் எழுத்தையும் சேர்த்து அழித்திருக்கிறது. ஓர் எழுத்து போனதும் மூன்று மூன்றாகப் பிரிக்கிற இடமெல்லாம் தள்ளிப்போய், கடைசிவரை எல்லாச் சொல்லும் தப்பாகிவிட்டது. சார் வரைபடத்தில் புள்ளியைப் பார்த்தாரே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை.

அவள் அந்த எழுத்தைச் சேர்த்துக் கணினியை மறுபடி எண்ணவிட்டாள். பதினேழு மற்ற பத்தொன்பது பேரோடு போய் உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு மறதி வராது என்று அதை வைத்து யாரும் எழுதித் தரமுடியாது. அது அவளுக்கும் தெரியும்.

"என்கிட்டக் குடுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும், சார்" என்றாள். "நாலு மாசமா நான் எங்கம்மாவா மாறிட்டிருக்கேன்னு நினைச்சு, ராப்பகலாச் செத்துட்டிருந்தேன்."

அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள்.

"நம்பர் ஒட்டினது நீதானே?"

தலையாட்டினேன்.

"அன்னிக்கு மேசையில சொன்னேனே, அப்பவே தெரியுமா?"

அதற்கும் தலையாட்டினேன். குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். அதில் நான் கேட்ட கேள்விகளும் இருந்தன. எந்தத் தேதியில் கேட்டேன், அவள் என்ன பதில் சொன்னாள் என்று. அந்தப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

வீட்டில் பூட்டையே மாற்றிவிட்டாள். இரண்டு சாவி, இரண்டும் அவளிடம். புருஷன் வேலை முடிந்து வந்து படியில் உட்கார்ந்து காத்திருக்கிறார் என்று கேள்வி. வேலைக்கு வழக்கம்போல் வருகிறாள், எண்ணுகிறாள், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரில்தான் உட்காருகிறாள். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நேற்று மனசு கேட்காமல், "சாப்பிட்டீங்களாக்கா?" என்றேன்.

டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்தா, இன்னிக்கா?" என்றாள்.