இன்றைய பாட்டு: எத்தியோப்பியா

பாட்டுப் பதிவுக் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு காது பாட்டுக்கு, மற்றக் காது ஏச்சு வாங்க. நீங்களும் எந்தக் கடையிலாவது மேசைக்குப் பின்னால் நின்றவர் என்றால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

எண்பத்துநாலில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் சிவலிங்கமும் பங்குக்குக் கடை தொடங்கினோம். வந்தவர்கள் எல்லோரும் சினிமாப் பாட்டுக்குத்தான் வந்தார்கள். எனக்கோ வேறொரு பைத்தியம். குருநகர் அந்தோனிப்பிள்ளை அண்ணை கப்பலில் வேலை செய்தவர். போன துறைமுகங்களில் எல்லாம் இசைத்தட்டு வாங்கி எனக்குக் கொண்டுவந்து தருவார். பிரேசில், கானா, நைஜீரியா, எத்தியோப்பியா என்று எல்லா நாட்டு ஃபங்க், சோல் பாட்டுகளும் அதில் இருந்தன. காலைத் துள்ள வைப்பது ஃபங்க், நெஞ்சை உருக வைப்பது சோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் வாசல் கரும்பலகையில் ஒன்றை எழுதுவேன். “இன்றைய பாட்டு: கானா. கேட்டால் கால் சும்மா இராது.” ஒருவரும் கேட்கவில்லை. நான் விடுவேனா? சினிமாப் பாட்டுப் பதிந்த கசெற்றின் கடைசியில் கொஞ்சம் வெறும் நாடா மிஞ்சும். அதில் அன்றைய பாட்டை இலவசமாகப் பதிந்து கொடுத்தேன். சிவலிங்கம் தலையில் கை வைத்தான்.

“மச்சான், உது இலவசமில்லை. உது சனத்துக்குத் தண்டனை.”

பந்திக்கு வந்த பாட்டு

கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்கிற செல்லையா அண்ணை மூத்த மகளின் கல்யாணத்துக்கு எங்களிடம்தான் கசெற் பதிந்தார். ஒரு பக்கம் நாதஸ்வரம், மற்றப் பக்கம் பக்திப் பாட்டு. பக்திப் பாட்டு முடிந்த இடத்தில், வழக்கம்போல, நைஜீரியா.

கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் அவர் கடைக்குள் ஏறினார். முகம் பிட்டுப் பானை மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தது. சிவலிங்கம் பின் அறைக்குள் போய்விட்டான். “பந்தி நடக்குது. லவுட் ஸ்பீக்கரிலை சாமிப் பாட்டுப் போகுது. திடீரெண்டு ஒருத்தன் நெருப்பு மிதிச்சவன் மாதிரிக் கத்துறான். பின்னாலை மேளம் வேறை. ஆர் தம்பி அவன்?” என்றார். நைஜீரியா என்றேன்.  மாப்பிள்ளை வீட்டார் கோபித்துப் போய்விட்டார்களோ, சம்பந்தம் முறிந்துவிட்டதோ என்று பயந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“சனம் அந்த மேளத்தின்ரை வேகத்துக்கு அள்ளித் திண்டிட்டு எழும்பிட்டுது தம்பி, பொழுதுபடும்வரை போற பந்தி மத்தியானத்தோடை முடிஞ்சுது. தையிலை சின்னவளின்ரை கல்யாணம், அதுக்கும் உந்தக் கத்துறவனைக் கடைசியிலை போட்டுவிடும்.”

பிடிபட்ட நாடு

அடுத்த வருடம் பருத்தித்துறை மினிபஸ் ஒன்றின் கொண்டக்டர் நகுலன் எங்களுக்கு நிரந்தர வாடிக்கையாளனாகிவிட்டான். பஸ் நிலையத்தில் நிற்கும்போது ஓடிவந்து பலகையைப் பார்ப்பான், அன்றைய பாட்டை வாங்கிப் பஸ்ஸில் போடுவான். ஒருநாள் நானும் அந்த பஸ்ஸில் போனேன். பாட்டு எத்தியோப்பியா. வழியில் ஆமி மறித்து ஆண்களை இறக்கி வரிசையில் விட்டது. பாட்டை நிறுத்த நகுலனுக்கு மறந்துபோய்விட்டது.

அதிகாரி பஸ்ஸுக்குள் தலையை நீட்டிக் கேட்டார். “இது என்ன பாஷை?” தமிழுமில்லை, சிங்களமுமில்லை, இங்கிலீசுமில்லை. எத்தியோப்பியா என்றேன். “என்ன சொல்லுறான்?” தெரியாது சேர் என்றேன். தெரியாத பாஷையில் எதற்குப் பாட்டு என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ரகசியச் செய்தி என்று நினைத்துவிட்டார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. ஒரு வார்த்தைக்காக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற காலம். பக்கத்தில் நின்ற வாத்தியார் ஒருவர் கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தார். பாட்டை முதலிலிருந்து போடச் சொல்லி அதிகாரி மிதிபலகையில் நின்று கேட்டார். ட்ரம்பெட் வந்தது, தாளம் ஏறியது. வரிசைக்குக் காவல் நின்ற இளம் சிப்பாயின் சப்பாத்து தன் பாட்டில் தரையில் தட்டத் தொடங்கியது. அதிகாரி அந்தச் சப்பாத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கசெற்றை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு “போ, போ” என்று கை காட்டினார்.

பஸ் அடுத்த சந்தி திரும்பியது. பிறகு நகுலன் என் காதுக்குள் சொன்னான்.

“அண்ணை, நாளைக்கு வேறை நாடு எழுதுங்கோ. எத்தியோப்பியா ஆமியிட்டைப் பிடிபட்டிட்டுது.”

புதுசோ, பழசோ?

ஒரு வருடம் அந்தோனிப்பிள்ளை அண்ணையிடமிருந்து தட்டும் வரவில்லை, தகவலும் வரவில்லை. தபால் ஒழுங்காக ஓடாத நேரம் என்று முதலில் நினைத்தோம். மாதங்கள் போயின. அவரோடு கப்பலேறிய ஒருவருக்கும் தகவல் இல்லை என்று குருநகரில் கதை பரவியது. கப்பல் மூழ்கிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அவருடைய மனைவி மேரியக்கா கோயிலில் பூசை முடித்துச் சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் கடை வாசலில் நிற்கத் தொடங்கினார். பலகையைப் பார்ப்பார். “தம்பி, இண்டைக்குப் போட்டிருக்கிறது புதுசோ, பழசோ?” என்று கேட்பார். புதிதென்றால் மனுசன் யார் கையிலாவது தட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். “பழசுதான் அக்கா” என்பேன். “சரி, நாளைக்கு வாறன்” என்று போய்விடுவார்.

பாட்டு முடிந்துபோய், போட்டதையே திருப்பிப் போட்டேன். பலகையைக் கழற்றிவிட்டால் அவருக்கு நிற்க ஓர் இடம் இல்லாமல் போகும் என்ற பயம்.  மழை நாட்களில் எழுத்து அழியாமல் பலகைக்கு மேலே சிவலிங்கம்தான் தகரம் கட்டினான்.

ஒரு காலை, பலகைக்கு முன் குந்தியிருந்து பிரேசில் என்று எழுதிக்கொண்டிருந்தேன். “அது பழசடா, இதைப் போடு” என்று பின்னால் ஒரு குரல். எலும்பும் தோலுமாக, தாடியோடு, கக்கத்தில் ஒரு தட்டோடு அந்தோனிப்பிள்ளை அண்ணை நின்றார். கப்பலை ஏதோ வழக்கில் ஆபிரிக்கத் துறைமுகம் ஒன்றில் மறித்து வைத்துவிட்டார்களாம். இறங்கவும் விடவில்லை, அனுப்பவும் விடவில்லை. கப்பலடிக்கு வந்து சாமான் விற்றவனிடம் அந்தத் தட்டை வாங்கினாராம். நான் சுண்ணக்கட்டியோடு அவரைக் கட்டிப்பிடித்தேன். வீட்டுக்குப் போகாமல் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று சிவலிங்கம் அழுதுகொண்டே ஏசினான். வீடு பூட்டியிருக்குதாம், மேரியக்கா பூசைக்குப் போய்விட்டாராம்.

வழக்கமான நேரத்துக்கு மேரியக்கா வந்தார். வழக்கம்போல முதலில் பலகையைத்தான் பார்த்தார். அதில் கமரூன் என்று புதிதாக எழுதியிருந்தது. பிறகு கதிரையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த மனுசனைப் பார்த்தார்.  முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியே தம்பி, எனக்குக் கடிதம் போட முத்திரை கிடைக்கேல்லையாம், உனக்குப் பாட்டுத்தட்டு மட்டும் கிடைச்சிருக்கு.”

மிதித்துக் கேட்ட பாட்டு

தொண்ணூறில் யுத்தத்தோடு பொருளாதாரத் தடையும் வந்த பிறகு மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோவின் கரண்டில் கசெற்றைப் பாடவிட்டோம். புதிதாகப் பதிய வழியில்லை. வந்தவர்களுக்கு அன்றைய பாட்டைக் கேட்கக் கொடுப்பதோடு சரி.

கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்த தர்மலிங்கம் என்பவர் தன் சின்ன மகளோடு வந்தார். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குண்டு விழுந்த நாளிலிருந்து பிள்ளை கதைப்பதில்லை. சினிமாப் பாட்டுப் போட்டால் வீட்டு ஞாபகம் வந்து அழுகிறாள், வேறேதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் சோல் பாட்டு ஒன்றைப் போட்டேன். தகப்பனே சைக்கிளில் ஏறினார். அவர் வேகமாக மிதித்தால் பாடகன் பெண் குரலில் கீச்சிட்டான், களைத்தால் எருமைபோல் முனகினான். மேலே ஏறுவதும் கீழே விழுவதுமாக அந்த உருக்கமான பாட்டு படாதபாடு பட்டது. வாங்குப் பலகையில் இருந்த பிள்ளை சைக்கிளைப் பார்த்தாள், பாட்டுப் பெட்டியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நான் நிறுத்த எழும்பினேன். சிரிப்பு அது.

“அப்பா, மெதுவா மிதியுங்கோ. அந்த ஆளுக்கு இளைக்குது.”

தர்மலிங்கம் சைக்கிளை விட்டு இறங்க முடியாமல் அதிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். மிச்சப் பாட்டுக்கு, அவரை மெல்ல இறக்கிவிட்டுச் சிவலிங்கம் ஏறி மிதித்தான்.

வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து குறை சொன்னால் மற்றக் கடைக்காரர்களுக்கு எரிச்சல் வரும். அந்த வருடங்களில் எங்களுக்கோ, ஏசுவதற்காவது ஆள் திரும்பி வந்தாரே என்று ஆறுதலாக இருந்தது.