அண்ணியின் இருபத்தேழாம் விதி

என் அண்ணிக்குத் தொழில் தையல். போன வருடம் தேர்தலில் ஜெயித்து நகர்மன்ற உறுப்பினரானாள். இப்போதும் மெஷினை மிதித்துக்கொண்டே போனில் ஒரு வாட்ஸ்அப் குழுவின் குரல் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெவ்வேறு ஊர் மன்றங்களில் இருக்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. ஒருத்தி கேள்வி கேட்பாள், தெரிந்தவள் பதில் சொல்வாள். குட்மார்னிங், பூப்படம் அனுப்பினால் உடனே வெளியே. அது ஒன்றுக்காகவே அந்தக் குழு எனக்குப் பிடிக்கும்.

அண்ணிக்கு ஒரே பிடிவாதம், சந்தையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். அத்தனை பெண்கள் கடை போடுகிற இடம். அவர்களில் நானும் ஒருத்தி, அங்கேதான் காய்கறி விற்கிறேன். மன்றத்தில் அண்ணி வாயைத் திறந்தாலே தலைவர், "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்று வேறு விஷயத்துக்குத் தாவிவிடுவார். அண்ணி குழுவில் புலம்பினாள். வேறொரு மன்றத்து உறுப்பினரான நர்ஸ் ஒருத்தி சட்டென்று வழி சொன்னாள்.

"விதி இருபத்தேழைச் சொல்லுங்கக்கா. உறுப்பினர் கேட்டா விவாதிச்சே ஆகணும்."

அண்ணி கண்ணாடி முன் நின்று ஒத்திகையெல்லாம் பார்த்தாள். மன்றத்தில் எழுந்து கணீரென்று சொன்னாள். தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நம்ம புத்தகம் இருபத்தாறோட முடிஞ்சிருதேம்மா!"

இருபத்தேழு நர்ஸின் ஊர் விதி. மன்றமே சிரித்தது. எல்லாரையும் விட, இன்னொரு உறுப்பினரான ஹார்டுவேர் கடைக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முகம் தெரியாதவங்க பேச்சைக் கேட்டு மூக்குடைபட்டு வந்து நிக்கிறீங்களே அண்ணி! அந்தக் குழுவை விட்டுத் தொலைங்க."

அவள் விடவில்லை. அடி வாங்கினால் அதையும் சொல்ல வேண்டும் என்பது குழுவின் வழக்கம். ஒன்று விடாமல் சொன்னாள். நர்ஸ் மன்னிப்புக் கேட்டாள். அப்போது இன்னொரு ஊர் உறுப்பினரான பஸ் கண்டக்டர் அம்மா குறுக்கே வந்தார்.

"விதி கிடக்கட்டும். வழிமொழிய யாரைப் பிடிச்சு வச்சிருந்தே?"

யாரையும் பிடிக்கவில்லை. நியாயமான விஷயம்தானே, தானாகக் கை தூக்குவார்கள் என்று இருந்துவிட்டாள்.

"ரொம்பச் சத்தமா சிரிச்சது யாரு? அவர்கிட்டயே போ. மத்தவங்க அவர் மூஞ்சியைப் பார்த்துத்தான் சிரிச்சிருப்பாங்க."

மறுநாளே அண்ணி சந்தை முனையில் இருக்கும் அந்த ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன், சண்டை பார்க்கத்தான். அண்ணி சண்டையே போடவில்லை.

"உங்க கடையில வேலை பார்க்கிற பொண்ணு ஒதுங்கணும்னா எங்கே போகுது அண்ணே?"

கடைக்காரர் விழித்தார். பிறகு அந்தப் பெண்ணையே கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் சார். அதுவரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன்."

மனிதர் ஆணி டப்பாவை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில் வழிமொழிந்தவர் அவர்தான். எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. செய்தி கேட்டு நர்ஸ் அழுதே விட்டாளாம். இப்போதெல்லாம் அந்தக் குழுவில் யார் பதில் சொன்னாலும், எந்த மன்றத்து விதி என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறார்கள்.

கழிப்பறைக்கு ரிப்பன் வெட்டியது தலைவர். வெட்டிவிட்டுப் போகட்டும். அண்ணி கூட்டத்தின் பின்னால் நின்று கை தட்டினாள். எனக்கு அவளை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. கடையைப் பக்கத்துக் கீரைக்காரியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, நேராக எதிர் டீக்கடைக்குப் போய்ப் பெரிய டம்ளரில் டீ வாங்கிக் குடித்தேன். பதினாறு வருஷமாகச் சந்தையில் கடை போடுகிறேன். அங்கே நான் குடித்த முதல் டீ அதுதான்.