ஸ்டெல்லா மிஸ் காலியாக விட்ட வரி

ஸ்டெல்லா மிஸ் இறந்துவிட்டார். இன்று காலை லோகநாதன் அனுப்பிய மின்னஞ்சலில் தலைப்பு இல்லை... திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு வெளிநாட்டுத் திட்டத்தின் ஒஃபிஸ் இருந்தது. அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்து, யாரும் தொடப் பயந்த யுனிக்ஸ் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொண்டவர் அவர்.

நான் அப்போது ஒரு பத்திரிகையின் ஹட்டன் நிருபர். அங்கே போனது செய்திக்காக. அடிக்கடி போனது, அங்கே ஒழுங்காக வேலை செய்யும் டெலிபோன் இருந்ததால்.

கறுப்புத் திரை, பச்சை எழுத்து. mail என்று தட்டி, பக்கத்தில் முகவரி. அடுத்த வரியில் Subject என்று அது கேட்கும். தலைப்பு கொடுத்த பிறகுதான் கடிதம். முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி. காலையும் மாலையும் மோடம் கொழும்புக்கு டயல் செய்து, சேர்ந்த கடிதங்களைக் கொடுத்து, வந்ததை வாங்கிக்கொள்ளும்.

லோகநாதன் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். திட்டத்தின் புலமைப்பரிசிலில் ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போனான். தபால் வர மூன்று வாரம். அதனால் அவன் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் இருந்து மிஸ்ஸுக்கு எழுதினான், தமிழை இங்கிலீஷ் எழுத்தில்.

முதல் கடிதத்தை மிஸ் பிரிண்ட் எடுத்து, அவன் வீட்டுக்குப் பியூனிடம் கொடுத்தனுப்பினார். அதுதான் பிழையாகப் போனது.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தந்தி வந்தால் சாவு என்று அர்த்தம். ஒஃபிஸ் ஆள் ஒருவர் நீளமான பேப்பரோடு வாசலில் நின்றதும், லோகநாதனின் அம்மா முத்தம்மா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டார். லயமே கூடி அழுதது. மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் கூட்டிவர ஆள் ஓடியது.

கடைசியில் பக்கத்துக் காம்பராப் பெண் பேப்பரை வாங்கி, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தாராம். "செத்தவன் எங்கயாச்சும் குளிருதுன்னு எழுதுவானா அக்கா? கம்பளிச் சட்டை வாங்கிட்டானாம். எந்திரிங்க."

அதன் பிறகு மிஸ் தானே போனார். ரயிலில் வட்டவளை, அங்கிருந்து இரண்டு மைல் ஏற்றம். லயம் தெரியும் வளைவில் நின்று, "நல்லதுதாங்க முத்தம்மாக்கா... அழுதுறாதீங்க" என்று கத்திவிட்டுத்தான் கிட்டப் போவார்.

லோகநாதனுக்கும் அதே சட்டம். இங்கிருந்து போவதானாலும் அங்கிருந்து வருவதானாலும், தலைப்பில் 'நல்லது' என்று இருக்க வேண்டும். வந்த கடிதங்களின் லிஸ்ட்டைப் பார்த்ததுமே நெஞ்சு அடங்க வேண்டும் என்பார்.

அடுத்த வருடம் அவன் அப்பா மலையிலேயே விழுந்து இறந்தார். காலையில் முத்தம்மாவின் தம்பி ஒஃபிஸுக்கு வந்து சொன்னபோது நான் அங்கே இருந்தேன்.

மிஸ் mail தட்டினார், முகவரி தட்டினார். Subject என்று கேட்டது.

"என்னங்க போடுறது?" என்று என்னைப் பார்த்தார். தினமும் செய்திக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

"அப்பான்னு மட்டும் போடுங்க மிஸ்."

"அப்பான்னு பாத்தா சந்தோசமாத் தொறப்பான்ங்க."

வெறும் என்டரை அழுத்தினார். தலைப்பு காலியாகவே போனது. கீழே அவர் எழுதிய முதல் வரி இது: "தம்பி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? கூப்பிட்டு உக்கார வச்சுக்கிட்டு மேல படிங்க."

நாலு நாள் பதில் இல்லை. மிஸ் காலையும் மாலையும் mail என்று தட்டினார். No mail என்றது திரை. "அவசரப்பட்டுட்டேனோ? கடுதாசியே போட்டிருக்கலாமோ?" என்று என்னிடமும் பியூனிடமும் மாறி மாறிக் கேட்டார்.

ஐந்தாம் நாள் ஒன்று வந்தது. தலைப்பில் 'நல்லது'. உள்ளே ஒரே வரி. "அம்மா சாப்பிடுறாங்களா மிஸ்? அத மட்டும் எழுதுங்க."

அன்று நானும் கூடப் போனேன். வளைவில் மிஸ் சத்தம் போடவில்லை. நேரே போய் முத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் பேப்பரைப் பிரித்தார்.

படித்ததும் முத்தம்மா எழுந்து சட்டியைத் திறந்தார். "சாப்பிட்டேன்னு பொய் எழுதக் கூடாதில்ல... இருங்க மிஸ், ரெண்டு வாய் தின்னுட்டு வந்துர்றேன்."

லோகநாதன் இப்போதும் ஸ்கொட்லாந்தில்தான். மிஸ்ஸின் வயதான காலத்தில் அவரிடம் ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசுவான். அவர் இறந்ததை வீட்டார் முதலில் சொன்னது அவனிடம்தான்.

இன்று காலை அவனுடைய கடிதத்தைத் திறந்தேன். முதல் வரி: "அண்ணே, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு மேலே படித்தேன்.

போயிட்டு வாங்க மிஸ்.